மிச்சிகன் பிள்ளைகள் ரீஜனலில் எப்படி ஓடினார்கள்: பட்டியல் போடும் முறை

நவம்பர் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை, அமெரிக்கா முழுக்க ஒன்பது இடங்களில் டிவிஷன் 1 (கல்லூரி விளையாட்டின் மேல் மட்டம்) கல்லூரிகளுக்கான கிராஸ் கன்ட்ரி, அதாவது புல்வெளியிலும் மேடு பள்ளத்திலும் ஓடும் நெடுந்தூர ஓட்டத்தின், ரீஜனல் போட்டிகள் ஒரே நாளில் நடக்கும். ரீஜனல் என்றால் தேசியப் போட்டிக்கு முந்தைய மண்டலப் போட்டி. அன்று சாயங்காலம் எங்கள் ஹை ஸ்கூல் பெற்றோர் வட்டத்தில் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: நம்ம மிச்சிகன் பிள்ளைகள் எப்படி ஓடினார்கள்? மகள் பள்ளி அணியில் ஓடிக்கொண்டிருந்தபோது இதற்குப் பட்டியல் போட்டுக் கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது. எனக்குத் தொழில் வரிக்கணக்கு. எக்ஸெல் திறந்தால் பயம் கிடையாது. அவ்வளவுதான் என் தகுதி. மகள் இப்போது ஓடுவதில்லை, ஆனால் பட்டியல் வேலை என்னை விட்டுப் போகவில்லை.

ஒஹையோவிலும் டெக்சஸிலும் இருக்கும் சில தமிழ்ப் பெற்றோர் "எங்க மாநிலத்துக்கும் இப்படி ஒண்ணு போடணும், எங்கிருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்டார்கள். போனில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதுகிறேன். உதாரணங்கள் மிச்சிகனுடையவை. உங்கள் மாநிலத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

யாரைச் சேர்ப்பது

இதை முதலில் முடிவு செய்யாவிட்டால் பாதி ராத்திரியில் தலை சுற்றும். மிச்சிகன் கல்லூரிகளுக்காக ஓடுபவர்களா? மிச்சிகன் ஹை ஸ்கூல்களில் படித்துவிட்டு எங்கெங்கோ ஓடுபவர்களா? இரண்டும் வேறு வேறு பட்டியல்கள்.

நிக் வில்லிஸ் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்காக ஓடியவர், ஒலிம்பிக் 1500 மீட்டரில் பதக்கம் வாங்கியவர். ஆனால் சொந்த ஊர் நியூசிலாந்து. எதிர்ப்பக்கம் கிரான்ட் ஃபிஷர்: ஃப்ளின்ட் பக்கத்தில் உள்ள கிராண்ட் பிளாங்க் ஹை ஸ்கூல் பையன், போனது ஸ்டான்ஃபோர்டுக்கு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 5000, 10000 மீட்டர் இரண்டிலும் வெண்கலம் வாங்கினாரே, அவர்தான். டேதன் ரிட்சன்ஹைன் ராக்ஃபோர்டில் படித்துவிட்டு கொலராடோ பல்கலைக்கழகத்துக்காக 2003-இல் தேசிய கிராஸ் கன்ட்ரி பட்டம் வென்றார். மிச்சிகன் கல்லூரிகளின் முடிவுகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த இரண்டு பேருமே கண்ணில் பட்டிருக்க மாட்டார்கள்.

என் பட்டியல் இரண்டாவது வகை. எந்த மாநிலத்தில் ஹை ஸ்கூல் முடித்தார்களோ அந்த மாநிலத்துப் பிள்ளை. பிறந்த ஊர், பெற்றோர் இப்போது இருக்கும் ஊர் எதையும் நான் பார்ப்பதில்லை. காரணம் எளிது: படிக்கப்போவது அந்தப் பிள்ளையோடு மாநில இறுதிப் போட்டியில் ஓடியவர்களும் அவர்களுடைய அப்பா அம்மாக்களும்தான். மிச்சிகன் இன்டர்நேஷனல் ஸ்பீட்வேயில், கார் பந்தயம் நடக்கிற அதே வளாகத்தில், நவம்பர் தொடக்கக் குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வேலியோரம் நின்று கத்தியவர்கள் அவர்கள்.

அந்த ஸ்பீட்வே முடிவுகளை மட்டும் வைத்துக்கொண்டு பெயர் சேகரித்தால் இன்னொரு ஓட்டை விழும். அங்கே நடப்பது கீழ்த் தீபகற்பத்துப் பள்ளிகளுக்கான இறுதிப் போட்டி. மேல் தீபகற்பத்துக்குத் தனியாக வேறொரு இறுதிப் போட்டி, அதுவும் அதற்கு முன்பே அக்டோபரில் முடிந்துவிடும். மார்க்கெட் (Marquette), ஹௌட்டன் போன்ற மேல் தீபகற்பத்து ஊர்ப் பிள்ளைகள் ஸ்பீட்வே பக்கத்தில் இருக்கவே மாட்டார்கள். உங்கள் மாநிலத்திலும் இப்படி ஏதாவது பிரிவு இருக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

யார் எந்த மண்டலத்தில்

டிவிஷன் 1-இல் ஒன்பது மண்டலங்கள்: நார்த்ஈஸ்ட், மிட்-அட்லான்டிக், சவுத்ஈஸ்ட், சவுத், சவுத் சென்ட்ரல், மிட்வெஸ்ட், கிரேட் லேக்ஸ், மவுன்டன், வெஸ்ட். மிச்சிகன், ஒஹையோ, இண்டியானா, விஸ்கான்சின் நான்கும் கிரேட் லேக்ஸ். சிகாகோ ஏரிக்கரையில்தானே இருக்கிறது, இல்லினாயும் இதில் வருமா என்றால், வராது. அது மிட்வெஸ்ட். ஓக்லஹோமாவும் மிட்வெஸ்ட்தான். வரைபடத்தை வைத்து ஊகிக்காதீர்கள்.

மாநிலமே இரண்டாகப் பிரிவதும் உண்டு. அரிசோனா, அரிசோனா ஸ்டேட் இரண்டும் வெஸ்டில் ஓடுகின்றன. ஃப்ளாக்ஸ்டாஃபில் உள்ள நார்தர்ன் அரிசோனா மவுன்டனில் ஓடுகிறது. டெக்சஸ் கல்லூரிகளில் பெரும்பாலானவை சவுத் சென்ட்ரல். டெக்சஸ் டெக்கும் எல் பாசோவில் இருக்கும் பல்கலைக்கழகமும் மவுன்டன்.

கான்ஃபரன்ஸை (கல்லூரிகள் சேர்ந்து தங்களுக்குள் போட்டி நடத்தும் கூட்டமைப்பு) வைத்தும் முடிவு செய்ய முடியாது. 2024-இல் ஸ்டான்ஃபோர்டு அட்லான்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸுக்குப் போனது, ஆரகன் பிக் டென்னுக்கு வந்தது. கான்ஃபரன்ஸ் போட்டிக்குக் கண்டம் தாண்டிப் பறக்கிறார்கள். ஆனால் எந்த ரீஜனல் என்பது கல்லூரி இருக்கும் இடத்தைப் பொறுத்தது, ஆகவே இரண்டுமே இன்னும் வெஸ்ட்தான்.

நாள் வருவதற்கு முன் செய்ய வேண்டியது

வெள்ளிக்கிழமை முடிவுகள் வந்த பிறகு பெயர் தேட ஆரம்பித்தால் விடிந்துவிடும். ஒரு மண்டலத்தில் ஏறக்குறைய 30 அணிகள், அணிக்கு ஏழு பேர், ஆண்கள் தனி, பெண்கள் தனி. இதை ஒன்பதால் பெருக்குங்கள். முடிவுத் தாளில் பெயர், வகுப்பு, கல்லூரி, நேரம் இருக்கும். சொந்த ஊர் இருக்காது. அந்த ஒரு தகவல் கல்லூரி இணையதளத்தில் அணியின் ராஸ்டர் (ஓட்டக்காரர் பட்டியல்) பக்கத்தில்தான் கிடைக்கும்: பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் ஊர், அதற்கு அடுத்து ஹை ஸ்கூல்.

ஆகவே செப்டம்பரிலேயே கொஞ்சம் கொஞ்சமாக ராஸ்டர்களைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் தேட வேண்டும். ஒரு பக்கம், கடந்த நான்கைந்து ஆண்டுகளின் மாநில இறுதிப் போட்டியில் முன்னால் வந்தவர்களின் பெயர்களை அத்லெட்டிக் டாட் நெட் என்ற ஓட்ட முடிவுகள் தளத்தில் எடுத்து, ஒவ்வொருவரும் எந்தக் கல்லூரி என்று குறித்துக்கொள்வது. மறுபக்கம், உங்கள் மாநிலப் பிள்ளைகள் வழக்கமாகப் போகிற கல்லூரிகளின் ராஸ்டரைத் திறந்து ஊர்ப் பெயரைப் பார்ப்பது. முதல் முறையில் மட்டும் தேடினால், ஹை ஸ்கூலில் சுமாராக ஓடி கல்லூரியில் திடீரென்று வளர்ந்த பிள்ளை விட்டுப்போகும். பட்டியலைப் படிப்பவர்கள் மகிழ்ச்சியோடு நினைவில் வைத்திருப்பது அப்படிப்பட்ட பெயர்களைத்தான். "அட, இவன் நம்ம பையனோட ஜூனியர் வார்சிட்டியில ஓடினவனாச்சே!" (ஜூனியர் வார்சிட்டி என்றால் பள்ளியின் இரண்டாம் நிலை அணி.)

கல்லூரிப் பெயர்களில் சில கண்ணிகள் உண்டு. ஓக்லண்ட் என்று பார்த்ததும் கலிஃபோர்னியா என்று தள்ளிவிடாதீர்கள். ஓக்லண்ட் பல்கலைக்கழகம் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், ராச்செஸ்டர் பக்கம் இருக்கிறது. எம்.எஸ்.யூ. என்றால் மிச்சிகன் ஸ்டேட்டாக இருக்கலாம், மிசிசிப்பி ஸ்டேட், மான்டானா ஸ்டேட், மிசௌரி ஸ்டேட்டாகவும் இருக்கலாம். மயாமி இரண்டு உண்டு, ஒன்று ஒஹையோவில். கல்லூரி மாறிய பிள்ளைகளும் உண்டு. கல்லூரி மாற விரும்பும் ஓட்டக்காரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்த பிறகு, போன வருடப் பட்டியலை அப்படியே நகல் எடுத்தால் பத்தில் ஒருவராவது இடம் மாறியிருப்பார்.

சிலரை எங்கே தேடினாலும் கிடைக்காது. ஆன் ஆர்பரில் படித்த ஹாப்ஸ் கெஸ்லர் நார்தர்ன் அரிசோனாவுக்குப் போவதாக இருந்தது. 2021-இல் நேராக அடிடாஸோடு ஒப்பந்தம் போட்டுத் தொழில்முறை ஓட்டக்காரராகிவிட்டார். கல்லூரிப் பட்டியலில் அவருக்கு இடமில்லை. ஆனால் எல்லோரும் கேட்பார்கள். பதில் தயாராக இருக்கட்டும்.

முதல் வருடப் பிள்ளை முடிவுத் தாளில் இல்லை என்றால் ஏதோ ஆகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். நிறைய கோச்சுகள் முதல் இலையுதிர் காலத்தில் போட்டியில் இறக்குவதில்லை. ரெட்ஷர்ட் என்று உட்கார வைத்து, கல்லூரிக்காக ஓடக் கிடைக்கும் ஆண்டுகளில் ஒன்றை மிச்சம் பிடிப்பார்கள். அணியில் இருபது பேர் இருந்தாலும் ரீஜனலில் ஓடுவது ஏழு பேர்தான். பெரிய அணியில் அந்த ஏழுக்குள் வருவதே பெரிய விஷயம். இதை என் பட்டியலில் ஒரு வரியாவது சொல்லாமல் விடுவதில்லை.

முடிவுத் தாளைப் படிப்பது

இங்கேதான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். மற்றதெல்லாம் தேடல் வேலை.

தூரம் முதலில். டிவிஷன் 1 ரீஜனலில் பெண்களுக்கு 6 கிலோமீட்டர், ஆண்களுக்கு 10 கிலோமீட்டர். மிச்சிகன் ஹை ஸ்கூலில் எல்லோருக்கும் 5 கிலோமீட்டர். சீசனின் பெரும்பகுதி கல்லூரி ஆண்கள் 8 கிலோமீட்டர்தான் ஓடுகிறார்கள். முதல் வருடப் பையன் சிலருக்கு வாழ்க்கையின் முதல் 10 கிலோமீட்டர் பந்தயமே ரீஜனலாக இருக்கும். அதுவும் புல்தரையில், நவம்பர் சேற்றில், ஸ்பைக்ஸ் போட்டுக்கொண்டு. அப்படிப்பட்டவன் எட்டாவது கிலோமீட்டரில் முப்பது பேரை முன்னால் போகவிட்டு 110-ஆவதாக முடித்தால், அதை மூன்றாம் ஆண்டு மாணவனின் 110-ஓடு சேர்த்து ஒரே வரியில் எழுதாதீர்கள்.

அப்புறம் இரண்டு எண்கள். ஒன்று ஒட்டுமொத்த இடம், இன்னொன்று அணிக் கணக்கில் பாயின்ட். இரண்டும் ஒன்றல்ல. ஐந்து பேராவது முடிக்காத அணிகளையும், தனியாக வந்து ஓடுபவர்களையும் நீக்கிவிட்டு மீதிப் பேருக்கு வரிசை எண் போட்டால் வருவது பாயின்ட். அதனால்தான் 58-ஆவதாக வந்த பெண்ணுக்கு எதிரே 54 என்று இருக்கும். சில பெயர்களுக்கு எதிரே அந்தப் பத்தி காலியாகவே இருக்கும். அவர்கள் கணக்கில் வராதவர்கள்.

அணியின் ஏழு பேரில் முதல் ஐந்து பேரின் பாயின்ட்டைக் கூட்ட வேண்டும். ரம்மியைப் போல, குறைவாக வைத்திருப்பவர் ஜெயிப்பார். ஒன்று முதல் ஐந்து வரை ஒரே அணி வந்தால் 15. அதற்குக் கீழே போக முடியாது. ஆறாவது, ஏழாவது ஆளின் பாயின்ட் கூட்டலில் வராது. ஆனால் அவர்கள் சும்மா ஓடுவதில்லை. ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம்:

முதல் அணி: 4, 11, 19, 30, 52. கூட்டினால் 116.
இரண்டாம் அணி: 1, 8, 24, 35, 47. கூட்டினால் 115.

இரண்டாம் அணி ஒரு பாயின்ட்டில் முன்னால். அதன் ஆறாவது ஆள் 51-இல் வந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய 51 யாருடைய கூட்டலிலும் இல்லை. ஆனால் அவர் முதல் அணியின் ஐந்தாவது ஆளை 52-க்குத் தள்ளியிருக்கிறார். அவர் கொஞ்சம் பின்தங்கியிருந்தால் முதல் அணியின் ஐந்தாவது ஆள் 51, கூட்டல் 115, சமன். சமனானால் முதல் ஆளை முதல் ஆளோடு, இரண்டாவதை இரண்டாவதோடு என்று ஐந்து ஜோடிகளாக ஒப்பிட்டு, அதிக ஜோடிகளில் முந்தியவரை வெற்றி பெற்றதாக அறிவிப்பார்கள். இங்கே முதல், இரண்டாவது, ஐந்தாவது ஜோடிகள் இரண்டாம் அணிக்கு, மூன்றுக்கு இரண்டு.

இதெல்லாம் காகிதத்தில் மட்டும் நடப்பது என்று நினைத்தால், 2022 தேசியப் போட்டியைப் பாருங்கள். ஆண்கள் பிரிவில் நார்தர்ன் அரிசோனா 83, ஓக்லஹோமா ஸ்டேட் 83. ஜோடிக் கணக்கில் நார்தர்ன் அரிசோனாவுக்குப் பட்டம். அடுத்த வருடம் பெண்கள் பிரிவில் நார்த் கரோலினா ஸ்டேட் 123, நார்தர்ன் அரிசோனா 124. ஒரே ஒரு ஆள் ஒரே ஒரு இடம் முன்னால் வந்திருந்தால் கதை வேறு.

ஊரிலிருந்து அப்பா போனில் கேட்பார்: "பேத்தியோட சிநேகிதி ஓடினாளே, எத்தனாவதும்மா வந்தா?" "எழுபத்தி மூணாவதுப்பா." "அப்போ சரியா ஓடலியோ?" அவருக்கு நான் சொன்னதுதான் உங்களுக்கும்: அவள் அணியில் எத்தனாவது ஆள் என்று கேளுங்கள். முதல் ஆள் 73-ஆவது என்றால் அந்த அணிக்கு அன்று நல்ல நாள் இல்லை. ஐந்தாவது ஆள் 73-ஆவது என்றால், முன்னால் உள்ள நான்கு பேர் முப்பதுக்குள் இருந்தால், அவள் அணியையே தூக்கிப் பிடித்திருக்கிறாள். முன்னால் இருவர் இருவராக ஓடுவதால் வேகம் ஓரிரு வினாடி குறைந்தாலும் அங்கே இடம் அதிகம் மாறாது. நடுக்கூட்டத்தில் பத்து வினாடிக்குள் இருபது முப்பது பேர் வருவார்கள். கடைசி 400 மீட்டரில் ஐந்தாவது ஆள் தளர்ந்தால் கூட்டலில் பதினைந்து பாயின்ட் ஏறிவிடும். கோச்சுகள் முதல் ஆளைப் பார்ப்பதில்லை, ஐந்தாவது ஆளைத்தான் தேடிக்கொண்டு நிற்பார்கள். நீங்கள் நேரில் போனால் கவனியுங்கள்: எல்லையில் முதலில் வருபவருக்குக் கை தட்டிவிட்டு உடனே திரும்பி, பின்னால் வருகிற சட்டை நிறங்களை எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே என் எக்ஸெலில் ஒட்டுமொத்த இடத்துக்குப் பக்கத்தில் "அணியில் எத்தனாவது" என்று ஒரு பத்தி கட்டாயம் உண்டு. அதை முடிவுத் தாளில் பெரும்பாலும் பெயருக்கு எதிரே எழுதித் தர மாட்டார்கள். நீங்கள்தான் எண்ணிப் போட வேண்டும்.

நேரத்தை நம்பாதீர்கள்

ஒன்பது இடங்களின் நேரங்களையும் ஒரே பத்தியில் போட்டு வரிசைப்படுத்த ஆசை வரும். செய்யாதீர்கள். ஒரு இடத்தில் சமதளம், உலர்ந்த புல், இதமான வெயில். இன்னொரு இடத்தில் மேடு, எதிர்க்காற்று, முந்தின நாள் மழை. கிரேட் லேக்ஸ் போட்டி பலமுறை நடந்த டெர்ரே ஹோட் திடலும் மேடிசன் பக்கத்துத் தாமஸ் சிம்மர் திடலும் கிராஸ் கன்ட்ரிக்கென்றே அமைத்தவை, அகலமானவை. இருந்தாலும் நவம்பர் வானிலை கிராஸ் கன்ட்ரிக்கென்று அமைவதில்லை. மவுன்டன் மண்டலப் போட்டி உயரமான ஊரில் நடந்தால், அங்கே காற்று மெலிசு, நேரங்கள் தன்னால் மெதுவாகிவிடும். அந்தந்தப் போட்டிக்குள் இடம் மட்டுமே ஒப்பிடத் தகுந்தது.

இடத்தைக்கூட ஒரு கண்ணாடி போட்டுத்தான் பார்க்க வேண்டும். வலுவான அணிகள் ரீஜனலில் முழு மூச்சோடு ஓடுவதில்லை. எட்டு நாளில் தேசியப் போட்டி வருகிறது. முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் போதும் என்று, ஐந்தாறு பேர் ஒன்றாகச் சேர்ந்து பேசிக்கொண்டே வருகிற மாதிரி முடிப்பார்கள். சில கோச்சுகள் நட்சத்திர ஓட்டக்காரரையே ஓய்வில் விட்டுவிடுவார்கள். தாளில் ஒரே அணியின் பெயர் 14, 15, 16, 17 என்று அடுக்காக, நேரத்தில் ஒரு வினாடி வித்தியாசத்தோடு இருந்தால் அது திட்டம் போட்டு ஓடிய ஓட்டம். அதில் உள்ள பிள்ளையை "17-ஆவதுதான்" என்று எழுதக் கூடாது. அதே தாளில் சிறிய கல்லூரியிலிருந்து வந்த பிள்ளைக்கு இதுவே வருடத்தின் கடைசிப் பந்தயமாக இருக்கலாம். அவள் 40-ஆவது இடத்துக்கு உயிரைக் கொடுத்து ஓடியிருப்பாள்.

யார் தேசியப் போட்டிக்குப் போகிறார்கள்

ஒவ்வொரு மண்டலத்திலும் முதல் இரண்டு அணிகள் நேரடியாகப் போகும்: 18 அணிகள். இன்னும் 13 அணிகளைத் தேர்வுக் குழு எடுக்கும். மொத்தம் 31. தனியாக 38 பேர். ஆக, தொடக்கக் கோட்டில் நிற்பது 255 பேர்.

அந்த 13 அணிகளை எடுப்பதற்குப் பல ஆண்டுகளாக இருந்துவரும் கணக்கு இது: ஏற்கெனவே தகுதி பெற்ற அணிகளை சீசனில் எத்தனை முறை தோற்கடித்தாய் என்று பார்ப்பார்கள். இதில் ஒரு சுவாரசியம் உண்டு. மண்டலத்தில் நான்காவதாக வந்த அணிக்கு அந்த வெற்றிகள் நிறைய இருக்கும், மூன்றாவதாக வந்த அணிக்கு இருக்காது. தன்னைத் தோற்கடித்த அணியை வெளியே நிறுத்திவிட்டு நான்காவது உள்ளே போக முடியாது என்பதால், மூன்றாவதும் சேர்ந்து உள்ளே தள்ளப்படும். உங்கள் மாநிலப் பிள்ளை அந்த மூன்றாவது அணியில் இருந்தால், வெள்ளிக்கிழமை இரவு அவள் வீட்டில் யாரும் தூங்க மாட்டார்கள்.

தனி ஓட்டக்காரர்கள் விஷயத்தில்தான் பட்டியல் போடுபவர்கள் அவசரப்படுவது. ஒவ்வொரு மண்டலத்திலும், தகுதி பெறாத அணிகளில் முன்னால் வந்த நான்கு பேருக்குத் தனி இடம் உண்டு. அவர்களை எண்ணி "இவர்கள் போகிறார்கள்" என்று வெள்ளிக்கிழமை இரவே எழுதிவிடுவார்கள். மறுநாள் அறிவிப்பில் அந்த நான்கு பேரில் ஒருவரின் அணியே தேர்வாகிவிட்டால், அவர் அணியோடு போவார். அவருடைய தனி இடம் அடுத்தவருக்கு இறங்கும். அதாவது வெள்ளிக்கிழமை ஐந்தாவதாக நின்ற பிள்ளைக்கு சனிக்கிழமை டிக்கெட் கிடைக்கலாம். எக்ஸெலில் அந்தப் பத்தியை வெள்ளிக்கிழமை காலியாக விடுங்கள். யாராவது கேட்டால் "நாளைக்குச் சொல்றேன்" என்பதே சரியான பதில்.

தேசியப் போட்டிக்குப் போகாவிட்டாலும், மண்டலத்தில் முதல் 25 பேருக்கு ஆல்-ரீஜன் கௌரவம் உண்டு. கோச்சுகள் சங்கம் தருவது. பத்தி ஒன்று அதற்கும்.

வெள்ளிக்கிழமை வரிசை

கிழக்கு முதலில் முடியும். நார்த்ஈஸ்ட், மிட்-அட்லான்டிக், சவுத்ஈஸ்ட் முடிவுகள் எங்கள் நேரப்படி மதியத்துக்குள் வந்துவிடும். வெஸ்ட் வர சாயங்காலம் ஆகும். பெண்கள் பந்தயத்தில் முன்னால் ஓடுபவர்கள் இருபது நிமிடத்தை ஒட்டி முடித்துவிடுவார்கள், ஆண்கள் அரை மணி நேரத்தை ஒட்டி. நேரலைப் பக்கத்தில் முதலில் காட்டும் எண்கள், ஓட்டக்காரர் மேல் மாட்டியிருக்கும் நேரம் கணக்கிடும் சிப் தரும் தற்காலிக எண்கள். யாரோ ஒருவருக்குச் சிப் வேலை செய்யாமல், பிறகு வீடியோவைப் பார்த்து இடையில் நுழைப்பார்கள். அவருக்குப் பின்னால் உள்ள எல்லோருடைய எண்ணும் ஒன்று கூடும். ஆகவே நேரலையைப் பார்த்து ரசியுங்கள், எண்ணை எழுதாதீர்கள். டி.எஃப்.ஆர்.ஆர்.எஸ். (TFRRS) என்ற கல்லூரி ஓட்ட முடிவுகள் தளத்தில் இறுதி முடிவு ஏறிய பிறகு அங்கிருந்து எடுங்கள். அலுவலக நாள் வேறு; இடையிடையே எட்டிப் பார்ப்பதோடு நிறுத்திவிட்டு, இரவுச் சாப்பாடு முடிந்ததும் உட்கார்ந்தால் ஒரே மூச்சில் முடித்துவிடலாம். எங்கள் வீட்டில் அன்றைக்குத் தோசைக்கரண்டி கணவர் கையில்.

தாளில் பெயர் தேடும்போது குடும்பப் பெயரை மட்டும் தட்டுங்கள். ராஸ்டரில் கேத்தரின், தாளில் கேட்டி. ராஸ்டரில் நிக்கலஸ், தாளில் நிக்.

டிவிஷன் 2, 3

இவற்றை விட்டுவிடும் பட்டியல்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். மிச்சிகனில் நல்ல ஓட்டம் பாதி அங்கேதான் இருக்கிறது. டிவிஷன் 1-இல் மிச்சிகன் ஸ்டேட் பெண்கள் 2014-இல் தேசியப் பட்டம் வென்றது எல்லோருக்கும் தெரியும். அதே 2014-இல் டிவிஷன் 2 பெண்கள் பட்டமும் மிச்சிகனுக்கே வந்தது: ஆலன்டேலில் உள்ள கிராண்ட் வேலி ஸ்டேட். டிவிஷன் 3-இல் கிராண்ட் ராப்பிட்ஸின் கால்வின் ஆண்கள் அணி 2000, 2003, 2004, 2006-இல் வென்றது.

டிவிஷன் 2-வுக்கு எட்டு மண்டலங்கள், மிச்சிகன் அங்கே மிட்வெஸ்ட். டிவிஷன் 1-இல் கிரேட் லேக்ஸ், டிவிஷன் 2-இல் மிட்வெஸ்ட், குழப்பிக்கொள்ளாதீர்கள். தூரம் டிவிஷன் 1-ஐப் போலவே. டிவிஷன் 3-இல் இப்போது பத்து மண்டலங்கள், ஆண்களுக்கு 8 கிலோமீட்டர், பெண்களுக்கு 6. மூன்று டிவிஷனுக்கும் மூன்று தாள்களாக எக்ஸெலைப் பிரித்து வையுங்கள். ஒன்றாகக் கலந்தால் யாருக்கும் நியாயம் கிடைக்காது.

எழுதும்போது

எண்களை மட்டும் அடுக்கினால் யாரும் படிக்க மாட்டார்கள். ஆளுக்கு ஒரு வரி எழுதுங்கள். பெயர், ஹை ஸ்கூல், கல்லூரி, மண்டலம், இடம், அணியில் எத்தனாவது, பிறகு தேவையானால் அரை வாக்கியம். என் பட்டியலில் வரும் வரி இப்படி இருக்கும் (பெயரை விட்டுவிடுகிறேன்): "நோவை ஹை ஸ்கூல், இரண்டாம் ஆண்டு, மிட்-அட்லான்டிக், 61-ஆவது, அணியில் நான்காவது, போன வருடம் ஏழு பேரில் இல்லை." அந்தக் கடைசித் துண்டுதான் அவளுடைய பாட்டிக்கு வேண்டியது.

பந்தயத்தை முடிக்காத பிள்ளைக்கு "முடிக்கவில்லை" என்று மட்டும் எழுதுங்கள். காரணம் உங்களுக்குத் தெரிந்தாலும் எழுத வேண்டாம். கால் எலும்பா, இரும்புச்சத்தா, மனசா, அது அவர்கள் வீட்டு விஷயம். முடிவு பொதுவில் இருக்கிறது, காரணம் பொதுவில் இல்லை. எடை, உடல்வாகு பற்றி ஒரு சொல்கூட வேண்டாம். பெண்கள் ஓட்டத்தில் அந்தப் பேச்சு செய்த சேதத்தை எங்கள் பள்ளி அணியிலேயே கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மண்டலப்படி அடுக்குவதா, ஹை ஸ்கூல்படி அடுக்குவதா என்று கேட்பார்கள். பத்திரிகைக்கு என்றால் மண்டலப்படி. பெற்றோருக்கு என்றால் ஹை ஸ்கூல்படி. ஒவ்வொருவரும் முதலில் தேடுவது தங்கள் பள்ளிப் பெயரைத்தான். எக்ஸெலில் இரண்டுக்கும் ஒரே தகவல்தான், வரிசைப்படுத்தும் பொத்தானை மாற்றி அழுத்தினால் போதும்.

சனிக்கிழமை தேர்வு அறிவிப்பு வந்ததும் காலியாக விட்ட பத்தியை நிரப்புங்கள், டிவிஷன் 3 முடிவுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஞாயிறு காலை அனுப்பிவிடுங்கள். தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின சனிக்கிழமை டிவிஷன் 1 தேசியப் போட்டி. அதற்கு இதே கோப்பில் இன்னொரு தாள் திறந்து, போகிறவர்கள் பெயரை மட்டும் ஒட்டி வைத்தால் அடுத்த வார வேலை பாதி முடிந்த மாதிரி.